ஏழாவது கட்டம்

ஆறு கட்டங்களை நானே நிரப்பிவிடுவேன்:
பெயர், பள்ளத்தாக்கு,
டிசம்பர் கணக்கெடுப்பில் இருந்த தலைகள்,
இன்று காலை எழுந்து நின்றவை,
எழாதவை,
கையெழுத்து அல்லது பெருவிரல்.
ஏழாவதில்தான் பேனா நின்றுவிடும்:
முந்தைய குளிர்காலங்களோடு ஒப்பிடுக.
ஒரு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறார்கள்.

லுவ்சான் நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள்
சொல்ல ஆரம்பித்துவிட்டார்.
குரங்கு வருடத்தில் பனி அங்கவடி வரைக்கும் கிடந்ததாம்.
"ஆனால் அது நியாயமான பனி.
குதிரை குளம்பால் நாலு தட்டு தட்டினால்
அடியில் புல் இருக்கும்.
இந்தத் தடவை நவம்பரில் மழை பெய்து
பெய்த கையோடு இறுகிவிட்டது.
வா, காட்டுகிறேன்."
புல் நன்றாகத் தெரிந்தது, ஒவ்வொரு தாளும்,
மிட்டாய்க் கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல.
ஆடுகளின் உதடுகள் கிழிந்திருந்தன.
நாய்கள் மட்டும் கொழுத்து, மினுமினுத்துத் திரிந்தன.
'கூடுதல்' என்று எழுதினேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
"அதை அடி. 'வேறு' என்று போடு."

துல்மாவின் கூடாரத்தில் உப்புத் தேநீர்.
பால் இல்லை என்று இரண்டு தடவை வருந்தினார்கள்.
இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை, என்றார் பால்ஜிர்.
நான் பார்த்திருக்கிறேன், என்றாள் அவர் மனைவி.
பன்றி வருடம்.
அவர் சிரித்தார்: "அந்த வருடமா?
நாற்பதுதானே போனது?"
"ஆடு நாற்பது."
அவள் அடுப்புக்குள் ஒரு சாணக்கட்டியை வைத்து
இரும்புக் கதவைச் சாத்தினாள்.
பால்ஜிர் தொப்பியைக் கழற்றி
அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன்.

பத்சைகானுக்கு வயது இருபத்தாறு.
ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம்
அதிகக் குளிர்காலங்கள் இல்லை.
கைப்பேசியில் வங்கி அனுப்பிய செய்தியை நீட்டினான்.
"முன்பெல்லாம் செத்தது செத்ததோடு போச்சு.
நான் செத்த ஆட்டுக்கும் வட்டி கட்டுகிறேன், அக்கா.
கடன் புத்தகத்தில் அது இன்னும் மேய்கிறது."

உங்களுக்கு எந்த வருடம், என்று
திரும்பும் வழியில் ஓட்டுநர் பையன் கேட்டான்.
எனக்குப் பத்து வயது அப்போது, பள்ளி விடுதி.
மூன்று நாள் நடந்து அப்பா வந்தார்,
சேணம் அவர் தோளில்.
குதிரை எங்கே என்று நான் கேட்கவில்லை.
சமையற்காரி இரண்டாவது கிண்ணம் ஊற்றினாள்.
எந்த வீட்டிலும் இரண்டாவது கிண்ணம் வாங்காதவர்
கையால் மறைக்காமல் இருந்தார்.
"தெரியவில்லை," என்றேன் பையனிடம்.

முன்பனிக்கும் பின்பனிக்கும் நடுவே
மூச்சுவிட இடமில்லாமல் போன வருடம்.
ஏப்ரல் கடைசியில்தான் மண் இளகியது.
ஆற்றுக்கு மேற்கே குழி தோண்டினோம்,
தண்ணீருக்கு எட்டாத மேடு,
லாரி வந்து திரும்ப வசதி.

இடுப்பளவு ஆழத்தில்
நியாம்தோர்ஜ் இயந்திரத்தை நிறுத்தினான்.

குழியின் சுவரில்
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
சுண்ணாம்பால் இழுத்ததுபோல் ஒரு பட்டை.
செம்மறி, வெள்ளாடு, ஒரு கன்றின் தாடை.
எங்களைப்போலவே யாரோ
தண்ணீருக்கு எட்டாத மேடு பார்த்திருக்கிறார்கள்.

லுவ்சானை அழைத்து வந்தோம்.
வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார்.
குரங்கு வருடத்தில் இங்கே யாரும் புதைக்கவில்லை,
இது அதற்கும் முன்னால், என்றார்.
அதற்கு முன்னால் எது என்று
அவருக்கும் பெயர் தெரியவில்லை.

நான் உள்ளே இறங்கி அளந்தேன்.
பட்டையின் கனம்
ஒரு முழம், நான்கு விரல்.
மேலே லாரிகள் வரிசையில் நின்றன.
முதல் லாரியின் பின்கதவை
யாரோ அதற்குள் திறந்துவிட்டிருந்தார்கள்.

"சொல்லுங்கள் அக்கா, வேறு இடம் பார்க்கலாமா?"

பென்சில் காதில் இருந்தது.
படிவம் வண்டியில்.

இதே இடம்தான், என்றேன்.
இன்னும் அகலமாகத் தோண்டு.